வி-2 ஏவுகணைகளை லண்டன் பீரங்கிகள் வீழ்த்தினவா?

“1944இலேயே லண்டன் பீரங்கிகள் ஜெர்மன் ஏவுகணைகளை வானிலேயே அழித்தன, இன்றைய ஏவுகணைத் தடுப்பும் அப்படியே நகரங்களைக் காக்கும்” என்று ஒரு பதிவு சுற்றுகிறது. இதில் பாதிதான் உண்மை.

பீரங்கிகள் வீழ்த்தியது வி-1ஐ. மணிக்குச் சுமார் 640 கி.மீ. வேகத்தில், குண்டு சுமந்து தாழ்வாகப் பறந்த ஜெர்மன் ஆளில்லா விமானம் அது. தொடக்கத்தில் அதைத் தடுக்கவும் திணறினார்கள். 1944 ஜூலையில் பீரங்கிகளைக் கடற்கரைக்கு மாற்றி, புதிய ரேடாரையும், இலக்கை நெருங்கியதும் தானே வெடிக்கும் குண்டுகளையும் சேர்த்த பிறகே நிலைமை மாறியது. ஆகஸ்ட் 28 அன்று தொண்ணூறுக்கும் மேல் வந்தவற்றில் 4 மட்டுமே லண்டனை எட்டின. பெரிய சாதனைதான், சந்தேகமே இல்லை.

சரி, வி-2? அது பாலிஸ்டிக் ஏவுகணை, அதாவது ராக்கெட் விசையில் மிக உயரே போய், வளைந்து கீழே விழும் ஆயுதம். செப்டம்பர் 8 முதல் ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் விழுந்தது. ஒன்றைக்கூடப் பீரங்கியால் வீழ்த்த முடியவில்லை. பிரிட்டனில் 2,700 பேருக்கும் மேல் இறந்தார்கள். ஏவுதளப் பகுதிகளை நேச நாட்டுப் படைகள் நெருங்கிய பிறகுதான், 1945 மார்ச் இறுதியில், தாக்குதல் நின்றது.

இன்றும் ட்ரோனைத் தடுப்பதும் பாலிஸ்டிக் ஏவுகணையைத் தடுப்பதும் வெவ்வேறு வேலைகள். ஒன்றின் வெற்றிக் கணக்கை மற்றொன்றுக்குக் காட்டி மக்களுக்கு நம்பிக்கை தருவது ஆபத்தானது.