பூதப்பாண்டி ஜீவாவுக்கு ஈரோட்டு மருத்துவரின் முகமா?

ஜீவா என்று நாம் அழைக்கும் ப. ஜீவானந்தத்தின் நினைவு நாளான ஜனவரி 18 அன்று சுற்றிய அந்த அஞ்சலிப் படத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று இரவு நம் ஊர்க் குழுவிலேயே அது மறுபடியும் வந்து விழுந்தது. இனிப் பொறுக்க முடியாது.

கீழே ‘பொதுவுடைமை வீரர் ப. ஜீவானந்தம், பூதப்பாண்டி, 1907–1963’ என்று எழுதியிருக்கிறது. மேலே சிரித்துக்கொண்டிருப்பவர் ஈரோட்டு மருத்துவர் வெ. ஜீவானந்தம். அதுவும் பளிச்சென்ற வண்ணப் படம். ஜீவாவின் அந்த அடர்ந்த மீசை எங்கே என்று ஒருவருக்குக்கூடவா தோன்றவில்லை? சுட்டிக்காட்டினால், “பெயர் ஒன்றுதானே அண்ணாச்சி, விடுங்கள்” என்று பதில் வருகிறது.

பெயர் ஒன்றாக இருந்தால் ஆளும் ஒன்றாகிவிடுவாரா?

“மருத்துவரும் நல்ல மனிதர்தானே, என்ன குறைந்துவிட்டது?” என்று சிலர் கேட்பீர்கள். நல்ல மனிதர் என்பதால்தான் கேட்கிறேன். ஈரோட்டில் பலரைக் கூட்டிச் சேர்த்துக் குறைந்த செலவில் மருத்துவமனை எழுப்பியவர், சுற்றுச்சூழலுக்காக ஓயாமல் இயங்கியவர், 2021இல் மறைந்தவர். அவருடைய முகத்தை எடுத்து இன்னொருவரின் வரலாற்றின் மேல் ஒட்டினால் அவர் செய்ததெல்லாம் எங்கே போகும்? ஒரே படத்தில் இருவரையும் தொலைத்திருக்கிறீர்கள்.

ஜீவா என்ற பெயரில் இன்னும் பலர் உண்டு. யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா இருந்தார். முடிதிருத்தும் கடை நடத்திக்கொண்டே எழுதியவர், 1966 முதல் ‘மல்லிகை’ இதழை நடத்தியவர். நம் ஜீவா மேல் கொண்ட பற்றால் அந்தப் பெயரைச் சேர்த்துக்கொண்டவர். கோவையில் ஓவியர் ஜீவா இருக்கிறார், சினிமா பற்றிய எழுத்துக்குத் தேசிய விருது பெற்றவர். ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரான ஜீவா 2007இல் மறைந்தார். நடிகர் ஜீவாவைப் பிள்ளைகளுக்கே தெரியும். இவர்கள் யார் மேலும் எனக்கு வருத்தமில்லை. ஒவ்வொருவரும் தங்கள் உழைப்பால் நின்றவர்கள். அவரவரை அவரவராகப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

எங்கள் பாட்டா தோவாளைப் பக்கம் வயல் வேலை செய்தவர். நாகர்கோவிலில் ஜீவாவின் பேச்சைக் கேட்டுவிட்டு இரவோடு இரவாக நடந்தே வீடு திரும்பியதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். பத்திரிகையில் வந்த ஜீவா படத்தை வெட்டிச் சோற்றுப் பருக்கை தேய்த்துப் பத்தாயத்துப் பலகையில் ஒட்டியிருந்தார். நெல் எடுக்கும் கைகள் பட்டுப் பட்டு நெற்றிப் பக்கம் வெளுத்துப்போயிற்று. மீசை மட்டும் கடைசிவரை கறுப்பாகவே இருந்தது. என் சித்தப்பாவின் பெயர் ஜீவானந்தம். எங்கள் வகுப்பிலும் இரண்டு ஜீவானந்தங்கள் இருந்தார்கள். வாத்தியார் அவர்களை ஊர்ப்பெயர் சேர்த்துக் கூப்பிடுவார். ஒருவன் மதிப்பெண்ணை மற்றவனுக்கு ஒருநாளும் போட்டதில்லை.

“கட்சிக்காரர்களே பேசாதபோது உனக்கென்ன?” என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

“தேடினால் அந்தப் படமும் வருகிறது, நாங்கள் என்ன செய்வது?” என்பது இன்னொரு சமாதானம். இன்னொருவரிடம் கேட்கலாமே! நாகர்கோவிலில் ஜீவாவுக்கு மணிமண்டபம் இருக்கிறது. வடசேரியில் இறங்கி வயதான எவரிடமாவது காட்டினால் போதுமே. வைக்கம் போராட்டத்துக்குப் போனவர், சிராவயலில் ஆசிரமம் நடத்தியபோது காந்தியே தேடி வந்து பார்த்தவர், பகத்சிங்கின் நாத்திகக் கட்டுரையைத் தமிழாக்கிச் சிறை சென்றவர், 1952இல் வண்ணாரப்பேட்டை மக்கள் சட்டமன்றத்துக்கு அனுப்பியவர், தாம்பரத்தில் குடிசையில் வாழ்ந்தவர். அப்படிப்பட்டவருக்காக ஒரு நிமிடம் செலவழிக்க முடியாதா?

சென்னையில் இருப்பவர்கள் செய்தால்கூட ஆறுதல் சொல்லிக்கொள்வேன். 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்வதற்கு இந்தக் குமரி மாவட்டத்தில் உயிரே கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகும் குமரி என்றால் சூரிய உதயமும் விவேகானந்தர் பாறையும் மட்டும்தான் பலருக்கு. நம் ஆட்களை நாமே தெரிந்துவைத்திருக்காவிட்டால் வேறு யார் தெரிந்துவைத்திருப்பார்கள்? நேற்று அந்தப் படத்தைப் போட்டவர் பூதப்பாண்டிக்குப் பக்கத்து ஊர்க்காரர். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

“அடுத்த ஆண்டு திருத்திக்கொள்ளலாம்” என்று காலையில் எழுதியிருக்கிறார்கள். அடுத்த ஆண்டு வேண்டாம். அதற்குள் ஏதாவது பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு அதே படத்தை அச்சிட்டு மேடையில் கட்டிவிடுவார்கள். இன்றே நீக்குங்கள். சரியான படம் என்னிடம் இருக்கிறது, கேட்பவர்களுக்கு உடனே அனுப்புகிறேன்.