"புரிஞ்சது சார்!"

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். போன வாரம் பாடத்தை முடித்துவிட்டு வழக்கம்போல "புரிஞ்சதா?" என்றேன். "புரிஞ்சது சார்!" என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது.

மறுநாள், எக்ஸ் கூட்டல் 4 என்பதன் வர்க்கம் என்ன என்று கேட்டேன். பாதிப் பேருக்கு மேல் எக்ஸ் வர்க்கம் கூட்டல் 16 என்று எழுதியிருந்தார்கள். சரி, எக்ஸுக்கு 3 போட்டுப் பாருங்கள் என்றேன். 7-இன் வர்க்கம் 49. அவர்கள் விடையில் வருவதோ 25. மீதி 24 எங்கே?

அந்தப் "புரிஞ்சது சார்" பொய்யைப் பிள்ளைகள் மட்டும் சொல்லவில்லை, நானும் சேர்ந்துதான் சொன்னேன். மணி அடிக்கப் போகும் நேரத்தில், புத்தகத்தை மூடிக்கொண்டே கேட்டால் வேறு என்ன பதில் வரும்? எனக்குப் போர்ஷன் முடிய வேண்டும், அவர்களுக்கு வகுப்பு முடிய வேண்டும்.

வாத்தியார் சரியில்லை என்று ஊரும், பிள்ளைகள் சரியில்லை என்று ஓய்வறையில் நாங்களும் பேசுகிறோம். ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொள்வதும் எனக்குச் சரியாகப் படவில்லை. தெரியவில்லை என்று பயமில்லாமல் சொல்லக்கூடிய வகுப்பை உண்டாக்குவது முழுக்க என் வேலை. அதன் பிறகு கையைத் தூக்குவது பிள்ளையின் வேலை. அதை அவனுக்காக நான் செய்ய முடியாது. விடியுமுன் மல்லி பறித்துவிட்டு வந்து தூங்கி வழிகிற பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதி என்னிடம் டிக் வாங்கிப் போகிறவனைக் கேட்பேன். பார்க்காமல் டிக் போட்ட என்னையும் கேட்க வேண்டும்தான்.

நன்னூலில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆசிரியர் சொல்வதை நன்றாக வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் சேருமாம். கூடப் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும். நான் அந்தக் கால் பங்கை வைத்தே முழு வருடத்தையும் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது "புரிஞ்சதா" கேட்பதை விட்டுவிட்டேன். கடைசிப் பத்து நிமிடம் யாராவது ஒருவர் போர்டுக்கு வந்து சொல்ல வேண்டும். முதல் நாள் வந்த பையன் ஒரு சதுரம் போட்டு, பக்கங்களை 3, 4 என்று பிரித்துக் குறுக்கும் நெடுக்கும் இரண்டு கோடு இழுத்தான். "இது தோட்டம், இது வரப்பு. நாலு பாத்தி இருக்கு. நாம ரெண்டு பாத்தியை மட்டும் அளந்துட்டு வந்துட்டோம். விட்டுப்போன ரெண்டும் பன்னெண்டு பன்னெண்டு, அதான் 24" என்றான்.

இத்தனை வருடத்தில் நான் ஒருமுறைகூட அதை இப்படிச் சொன்னதில்லை. அடுத்த வருட ஒன்பதாம் வகுப்புக்கு அவனுடைய பாத்தியைத்தான் வரையப் போகிறேன்.