மேப் அஞ்சு மணி நேரம்னு காட்டினா போதுமா?

வெளியூர்ச் சொந்தக்காரங்க வந்திருக்காங்க, சின்னச் சின்ன ஊர் வழியா ஒரு ரவுண்டு போகலாம்னு திட்டம். 200 கிலோமீட்டர். மேப் அஞ்சு மணி நேரம் காட்டுது, அவ்வளவுதானே? அது நிற்காம ஓட்டினா ஆகிற நேரம்ங்க! ஏழு பேர் இறங்கி, போட்டோ எடுத்து, கழிப்பறை தேடி, எல்லாரும் ஏறினப்புறம் ஒருத்தர் மட்டும் "இதோ ஒரே நிமிஷம்"னு மறுபடி இறங்கி... ஒரு நிறுத்தத்துக்கு 25 நிமிஷம். ஆறு நிறுத்தம்னா இரண்டரை மணி நேரம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். காலை 7 மணிக்குன்னு பேசி ஒன்பதரைக்குக் கிளம்பினா, 6 மணி ஆயிடுது. கடைசிக்குன்னு வச்ச ஏரியை இருட்டில் பார்க்கவா?

வளைவுப் பாதைன்னு முன்கூட்டியே தெரியும். வாந்தி மாத்திரையைக் கிளம்புறதுக்கு முன்னாடியே போடணும். மூணாவது வளைவில் முகம் வெளுத்தப்புறம் பையைக் குடைஞ்சா என்ன பிரயோஜனம்? வயிறு பிரட்டுறவங்களையே கடைசி சீட்டில் உட்கார வைக்கிறாங்க, கையில் போன் வேற! முன் சீட்டில் தூரத்தைப் பார்த்துட்டு வந்தா பாதித் தொல்லை குறையுமே.

அந்த முன் சீட்டிலோ வழி சொல்றவர். ஆஃப்லைன் மேப் இறக்கி வச்சாரா? இல்லை. சிக்னல் போனதும், பிரியுற ரோட்டுக்கு நடுவில் வண்டி நிக்குது.