காரணம் கிடைக்காவிட்டால் பைலட் தவறா?
பறக்கும்போது விமானத்தில் வந்த கோளாறு தரைச் சோதனையில் தெரியவில்லை, அப்படிக் காரணம் கிடைக்காவிட்டால் பைலட் தவறு என்றே கொள்ள வேண்டும் என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. 2011 மே மாதம் மலேசியாவின் சுபாங்குக்கு இறங்கிக்கொண்டிருந்த டஸ்ஸோ ஃபால்கன் 7எக்ஸ் ஜெட், பைலட் எதுவும் செய்யாமலே மூக்கைத் தூக்கி 41 டிகிரி வரை போனது, பக்கவாட்டில் நன்றாகச் சாய்த்துத்தான் அதை மீட்டார்கள், அப்புறம் அந்த மாடல் முழுவதையுமே பறக்க விடாமல் நிறுத்தினார்கள். கடைசியில் பார்த்தால் வால் பக்கத்துக் கிடைமட்ட இறக்கையை அசைக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ஒரு பின்னில், அதாவது சின்ன உலோகக் காலில், சால்டரிங் (ஈயப் பற்றவைப்பு) குறை. குளச்சலில் படகுகளின் ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் (ஒலியால் கடல் ஆழம் காட்டும் கருவி) பழுது பார்க்கும் எனக்கு இது ஆச்சரியமே இல்லை. கடலில் இன்ஜின் அதிர்வில் நின்றுபோகும் செட், கடை மேஜையில் நன்றாக ஓடும், லென்ஸ் வைத்து ஒவ்வொரு காலாகப் பார்த்தால்தான் சால்டர் விட்டிருப்பது தெரியும். தரையில் சோதித்தபோது சரியாக இருந்தது என்று எழுதியவர், பெட்டியைப் பிரித்துப் பார்த்தார்களா என்று ஒரு வரிகூட எழுதவில்லையே, அதற்குள் பைலட் மேல் பழி போடுவது பெரிய அநியாயம்.