பட்டம் முடித்த கையோடு எம்.எஸ்சி. நர்சிங் சேர்ந்தே ஆக வேண்டுமா? உண்மை விளக்கம்

"நர்சிங் பட்டம் முடித்த கையோடு முதுநிலையில் சேராவிட்டால் அப்புறம் சேரவே முடியாது, வார்டில் வேலை பார்க்கும் வருடங்கள் வீண்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

பல மேற்படிப்புகள் வேலை அனுபவத்தைக் கேட்கவே செய்கின்றன. அமெரிக்காவில் மயக்க மருந்து செவிலியர் படிப்புக்கு, தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்தது 1 வருடம் முழுநேரம் வேலை பார்த்திருக்க வேண்டும். ஒரே மாதிரியான பிரிவில் 2, 3 வருடம் இருந்த பிறகே ஒரு நர்ஸ் நிலைமையைத் திறமையாகச் சமாளிக்கிறார் என்று அமெரிக்க நர்சிங் அறிஞர் பேட்ரிசியா பென்னர் 1984-லேயே எழுதிவிட்டார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. வார்டில் ஒரு நோயாளியை நினைத்துப் பாருங்கள்: ரத்த அழுத்தம் இன்னும் இறங்கவில்லை; ஆனால் நிமிடத்துக்கு 16 ஆக இருந்த மூச்சு 26 ஆகிவிட்டது, நோயாளி போர்வையை இழுத்து இழுத்து விடுகிறார். உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று தோன்றுகிற அந்தப் பழக்கம், இரவுப் பணி பார்த்துப் பார்த்துத்தான் வரும்.

அதற்காக எல்லோரும் காத்திருக்கத் தேவையில்லை. ஆசிரியப் பணி, ஆராய்ச்சி என்று தெளிவாக இருப்பவர், விதி அனுமதித்தால் சீக்கிரமே சேரலாம். எந்தப் பிரிவு தனக்குப் பிடிக்கும் என்றே தெரியாதவர்தான் அவசரப்படக் கூடாது. சேர நினைக்கும் கல்லூரியின் சேர்க்கை விதிகளை நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள்.