ஐப்பசி ஈரத்துக்கு எந்தக் கத்தி?

நண்பருக்குப் பரிசளிக்க மலிவான மடக்குக் கத்தி எது என்று ஒரு கட்டுரை படித்தேன். கார்பன் எஃகுதான் என்கிறது அது. சாணை பிடிக்க எளிது, கூரும் நன்றாக வரும், சரி. டெல்டாவில் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

திருவையாறு பக்கம் வாழைக்கொல்லை வைத்திருக்கும் நண்பனுக்கு மரப்பிடி போட்ட கார்பன் கத்தி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இலை நறுக்க, சணல் அறுக்க, மத்தியானம் வெள்ளரிப் பிஞ்சு சீவ. வாழைக்கறை பட்டு ஒரே வாரத்தில் அலகு கறுத்தது. அது போகட்டும். ஐப்பசி மழையில் பிடி ஊதிக்கொண்டு, திறப்பதற்குள் நகம் பெயர்ந்துவிடும் போலிருந்தது. "ஏண்டா, இதைத் திறக்க இன்னொரு கத்தி வாங்கித் தர்றியா?" என்றான்.

ஓபினெல் என்ற பிரெஞ்சு மடக்குக் கத்தியின் 8-ஆம் எண் அளவில் துருப்பிடிக்காத எஃகு ரகமும் உண்டு. அலகில் 'இனாக்ஸ்' என்று பொறித்திருக்கும், 'கார்போன்' என்றால் மற்றது. 8.5 செ.மீ. அலகு அன்றாட வேலைக்குத் தாராளம். திருகிப் பூட்டும் வளையம் இருப்பதால் விரல்மேல் மடங்காது. சின்ன சுவிஸ் கத்திகளில் பெரும்பாலும் அந்தப் பூட்டு கிடையாது. ஆனால் துருப்பிடிக்காத ஓபினெலுக்கும் மரப்பிடிதான், நனைந்தால் துடைத்து நிழலில் திறந்து வைக்கச் சொல்லுங்கள். வெயிலில் வேண்டாம்.