மனநல சிகிச்சை பெற்றால் வாக்குரிமை போய்விடுமா?

தேர்தல் காலப் பதற்றத்தால் தூக்கம் கெட்டு மனநல மருத்துவரிடம் போனால், வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்டுவிடும் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அக்கறையோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 16-ஆம் பிரிவில், சித்த சுவாதீனமற்றவரைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்கிறது. இந்த இடத்தோடு படிப்பதை நிறுத்திவிடுவதால்தான் குழப்பம் வருகிறது என்று நினைக்கிறேன், ஏனெனில் அதே வரி, தகுதியுள்ள நீதிமன்றம் அவரை அவ்வாறு அறிவித்திருக்க வேண்டும் என்று தொடர்கிறது. மருத்துவரின் சீட்டோ மாத்திரை வாங்கிய ரசீதோ அந்த அறிவிப்பு ஆகாது. மனநோய் இருப்பதாக முடிவு செய்யப்பட்டாலும், நீதிமன்றம் அறிவிக்காதவரை, அதை மட்டும் வைத்து ஒருவரைச் சித்த சுவாதீனமற்றவராகக் கொள்ள முடியாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் 3(5)-ஆம் பிரிவில் கூறுகிறது.

இரு சட்டங்களின் முழு வாசகத்தையும் அரசின் ‘இந்தியா கோட்’ தளத்தில் எவரும் இலவசமாகப் படிக்கலாம். சிகிச்சையில் இருப்பவர்கள் தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவைத் தளத்தில் வாக்காளர் அடையாள அட்டை எண்ணை இட்டுத் தேடினால், தங்கள் பெயரும் பாகம் எண்ணும் வாக்குச்சாவடியும் திரையில் வருவதைத் தாங்களே பார்த்துக்கொள்ளலாம்.